என் மனைவி கிண்டிய கறிக்களி

ஆம்பூரில் ரயில் பாதைக்கு வடக்கே ஒரு பெண்கள் போர்டிங் பள்ளி இருந்தது. அதன் பங்களாவில் நான் சமையல்காரன். பள்ளியை நடத்தியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மிஸ்ஸியம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். வந்த புதிதில் ஒரு முன்ஷி வாத்தியாரையும் வேதபுத்தகத்தையும் வைத்துக்கொண்டு தமிழ் படித்தவர். அதனால் எங்களோடும் வேதபுத்தகத் தமிழில்தான் பேசுவார். "பாலைக் காய்ச்சினீரா?" என்று அவர் கேட்டால் ஏதோ தீர்க்கதரிசி வந்து நின்று கேட்பதுபோல இருக்கும்.

என் வேலையில் எனக்குப் பெருமை அதிகம். மதராஸில் ஒரு துரை வீட்டில் தொழில் கற்றவன் நான். கட்லெட், ரோஸ்ட், கஸ்டர்டு, ஆறு வகைப் புட்டிங் எல்லாம் செய்வேன். வெள்ளைச் சட்டையில் ஒரு மஞ்சள் கறை படிந்தாலும் மாற்றிக்கொண்டுதான் மேஜைப் பக்கம் போவேன். பங்களாவுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரு பக்கம் தோட்டக்காரர் வீடு, மறுபக்கம் காவல்காரர் வீடு.

என் மனைவி அணைக்கட்டுப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்துப் பெண். அவள் பிறந்த வீட்டில் பன்றி வளர்த்தார்கள், பன்றிக்கறி சாப்பிட்டார்கள். கல்யாணமான மாதமே நான் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"இங்க அது கூடாது. பங்களா ஆள் வூட்ல பன்னி வேவுதுன்னு பேர் வந்தா அசிங்கம்."

"சரி" என்றாள். ஏழு வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மதராஸிலிருந்து தகர டப்பாவில் வந்து மிஸ்ஸியம்மா மேஜைக்குப் போகும் பேக்கனும் பன்றிதான் என்பதை நான் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. டப்பாவில் வந்தால் எனக்கு அது வேறு.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு ஐப்பசியில் மிஸ்ஸியம்மாவின் அப்பா கப்பலேறி மகளைப் பார்க்க வந்தார். எழுபதைத் தாண்டிய விவசாயி. கை ஒவ்வொன்றும் மண்வெட்டித் தகடு மாதிரி இருக்கும். முந்தின வருஷம் அவருடைய மனைவி இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், மகளோடு இருந்தால் தேறுவார் என்று மகன்கள் அனுப்பிவைத்ததாகவும் மிஸ்ஸியம்மா எங்களிடம் சொன்னார். நாங்கள் அவரைப் பெரியவர் என்றே சொல்லிக்கொண்டோம்.

பெரியவரைச் சாப்பிட வைப்பது என் பொறுப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கினேன். கோழி ரோஸ்ட் செய்தேன், எலும்பு சூப் வைத்தேன், பால் புட்டிங்கில் ஜாதிக்காய் துருவிப் போட்டேன். அவர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிடுவார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டுவார். பிறகு தட்டை மெதுவாகத் தள்ளி வைப்பார். மூன்று வாரத்தில் அவருடைய இடுப்பு வாருக்கு இரண்டு தடவை புது ஓட்டை போட்டு வாங்கி வந்தேன். இரண்டாவது தடவை, செருப்புத் தைக்கும் அந்தச் செம்மான், "இன்னா நயினா, உங்க சமையல் அவ்ளோ மோசமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கார்த்திகை பிறந்து குளிர் இறங்கிய ஒரு காலையில் மிஸ்ஸியம்மா சமையலறைக்குள் வந்தார். சாதாரணமாக அவர் உள்ளே வரமாட்டார்.

"என் தகப்பனார் ஒன்றைக் கேட்கிறார்" என்றார். "குளிர்காலத்திலே பன்றி அடித்த பின்பு என் தாயார் அதைச் செய்வார். பன்றியின் தலையை எலும்பு கழலுமட்டும் வேகவைத்து, இறைச்சியைப் பொடியாக நறுக்கி, அந்தச் சாற்றிலே தானிய மாவைப் போட்டுக் கிண்டி, அச்சிலே ஊற்றி வைப்பார். மறுநாள் காலையிலே அறுத்துப் பொரிப்பார். நான் சிறுமியாயிருந்தபோது புசித்திருக்கிறேன், செய்யக் கற்கவில்லை. உம்மால் கூடுமா?"

அதன் பெயரையும் சொன்னார். என் காதில் அது 'பானாஸ்' என்று விழுந்தது.

"கூடும் அம்மா" என்றேன். முடியாது என்று அந்தச் சமையலறையில் நான் சொன்னதே கிடையாது.

பன்றித் தலைக்கு எங்கே போவது? யாரிடம் கேட்பது? கேட்கவே கூச்சமாக இருந்தது. முதல் தடவை டப்பா பேக்கனைப் பொடியாக நறுக்கி ரவையோடு கிண்டி ரொட்டி அச்சில் ஊற்றினேன். காலையில் அறுத்தபோது அது உப்புமா மாதிரி உதிர்ந்துபோயிற்று. இரண்டாவது தடவை வெட்கத்தை விட்டு, ஒரு ஆளைப் பிடித்துக் கொஞ்சம் பன்றிக்கறி வாங்கிவரச் செய்தேன். கோதுமை மாவில் கிண்டினேன். அது பசையாகிவிட்டது. சினிமாக் கொட்டகைக்காரன் நோட்டீஸ் ஒட்டலாம், அப்படி ஒரு பசை. அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் விடிவதற்குள் புளித்தும் போயிருந்தது. பெரியவர் ஒரு துண்டை வாயில் வைத்தார். விழுங்கினார். எனக்காகத்தான் விழுங்கினார் என்று தெரிந்தது. தட்டைத் தள்ளவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குத் தட்டைத் தள்ளியிருந்தாலே தேவலை.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னாங்க, உங்க சட்டைல பன்னிக்கறி வாசன வருது?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அவங்க ஊர்ல இன்னா வெளையும்?"

"மக்காச்சோளமாம்."

"மாவா, நொய்யா?"

"கரகரன்னு ஒடச்ச மாவுன்னு சொன்னாங்க."

"தலையதான் போடுவாங்களா? வெறும் கறிய போட மாட்டாங்களா?"

"தலதான்."

"பின்ன? தலைலதான் பசை இருக்குது. காது, தாட, தோலு எல்லாம் வெந்து கரஞ்சாதான் ஆறினா கெட்டியா நிக்கும். வெறும் கறிய போட்டுட்டு நிக்கலன்னா எப்டி நிக்கும்?" பிறகு சொன்னாள்: "இது களிங்க. தண்ணிக்குப் பதிலா கறிச்சாத்துல கிண்டின களி. இதுக்கா ஒரு வாரமா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?"

ஆறு வகைப் புட்டிங் தெரிந்த எனக்கு அது களி என்று தோன்றவே இல்லை. களி நான் சின்ன வயதில் சாப்பிட்டு வளர்ந்ததுதான். அதைப் பங்களா மேஜையோடு சேர்த்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"நான் பண்ணித் தர்றேன்" என்றாள். "ஆனா இங்கதான் பண்ணுவேன், நம்ம வூட்ல. கதவ சாத்திக்கினு பண்ண மாட்டேன்."

"அக்கம்பக்கத்துல..."

"பாக்கட்டும். நான் பொறந்த வூட்ல தின்னதுதானே. ஏழு வருசம் நீங்க சொன்னத கேட்டேன். இப்ப உங்க பெரியவருக்கே அது வேணும்னு ஆச்சு. அதுல இன்னா வெக்கம்?"

சரி என்றேன்.

அவளுடைய அண்ணன் ஆம்பூரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை மரத்தின்மேல் போட்டு மயிர் சுரண்டுவது அவன் வேலை. பாலாற்றுக்கு அந்தக் கரையில் அவன் வீடு. வீட்டின் பின்னால் பட்டி கட்டி ஏழெட்டுப் பன்றி வளர்த்தான். தெருவில் மேய விடமாட்டான். தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீனி. பங்களாவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அவன் வீட்டுப் பக்கம் அதிகம் போனதில்லை. காரணத்தை அவன் கேட்டதும் இல்லை.

தங்கை சொல்லி அனுப்பினாள் என்றதும் அடுத்த வெள்ளிக்கிழமை, ஷாப்பு விடுமுறை நாளில் வந்துவிட்டான். கூடையில் வாழையிலையைப் போட்டு மூடி, ஆற்றோரமாகவே நடந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"ஏன் மச்சான் இவ்ளோ சுத்து? பஜார் வழியா வந்திருக்கலாமே" என்றேன்.

"அது துலுக்கமாரு தெரு மாப்ள. இத எடுத்துக்கினு அவங்க வாசல் வழியா வர்றது நல்லா இருக்காது. நம்மள மதிக்கிற மனுசங்க" என்றான்.

அவன் தலையைச் சுத்தம் செய்ததைப் பார்த்தபோதுதான் தொழில் தெரிந்த கை எப்படியிருக்கும் என்று கண்டேன். வைக்கோலைக் கொளுத்தி மேலாக வாட்டினான். வெந்நீரைச் செம்பு செம்பாக ஊற்றினான். பிறகு ஒரு மழுங்கிய கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினான். காதின் மடிப்பு, கண்ணோரம், மூக்கின் சுருக்கம் எல்லாம் வெள்ளையாக வந்தன. தோலில் ஒரு கீறல் விழவில்லை.

"ஷாப்புக் கத்தியா?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "மொதலாளி கத்தி இதத் தொடலாமா? அது அங்கயே இருக்குது. இது என்னுது, வூட்ல வெச்சிக்கிறது."

முதலாளி பார்க்கப் போவதில்லை. யாரும் சொல்லப் போவதுமில்லை. இருந்தும் அவனுக்கு அந்தக் கணக்கு சுத்தமாக இருந்தது. அவனை இத்தனை நாள் தள்ளி வைத்திருந்த நான் அவனுக்கு எடுபிடியாக நின்று தண்ணீர் ஊற்றினேன்.

என் மனைவி வாசலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். தலை, நாக்கு, கொஞ்சம் ஈரல் எல்லாவற்றையும் அண்டாவில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, உப்பும் முழு மிளகும் இரண்டு வெங்காயமும் போட்டாள். தீயைச் சின்னதாகவே வைத்தாள். கொதித்துப் பொங்க விடவில்லை, மேலே குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் பெண்சாதி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா வேவுது?" என்று கேட்டாள். நான் விறகைத் தள்ளுவதுபோலக் குனிந்துகொண்டேன். என் மனைவி, "பன்னித் தல. பெரியவருக்கு" என்று சொல்லிவிட்டு நுரையை எடுத்தாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

எலும்பு தானாகக் கழன்றதும் இறக்கினாள். சாற்றை வடிகட்டி, மேலே மிதந்த கொழுப்பை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். கறியை எலும்பிலிருந்து விரலால் பிரித்து, சின்ன எலும்பு ஏதும் இருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்து, அரிவாள்மணையில் பொடியாக அரிந்தாள். பிறகு களிப் பானையில் சாறும் கறியும் கொதிக்க, இரண்டு பங்கு சோள நொய்க்கு ஒரு பங்கு கேழ்வரகு மாவு கலந்து, ஒரு கையால் தூவிக்கொண்டே மறுகையால் மரத் துடுப்பால் கிண்டினாள்.

"வெறும் கேழ்வரகு போட்டா வழவழன்னு போயிடும். வெறும் சோளம் போட்டா வெடிச்சிக்கும். ரெண்டும் சேர்ந்தாதான் சரி" என்றாள். எந்தப் புத்தகத்திலும் அவள் இதைப் படித்திருக்க முடியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. சாப்பிட்டறியாத ஒரு பண்டத்தை, நான் சொன்ன அரைகுறைச் சேதியைக் கேட்டு, தனக்குத் தெரிந்த தானியத்தை வைத்து அவள் மனதுக்குள்ளேயே சமைத்து முடித்திருந்தாள். அந்தத் திறமை எனக்கு இன்றுவரை வரவில்லை.

கிண்டக் கிண்ட அது இறுகியது. துடுப்பு தானாக நின்றதும், பானையின் ஓரத்தை விட்டுக் களி பிரிந்து வந்ததும் இறக்கி, நான் கொண்டுவந்திருந்த இரண்டு ரொட்டி அச்சுகளில் அழுத்தி நிரப்பினாள். அச்சுகளை மூடி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலில் பாதிவரை புதைத்து வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த என் புத்தியை நினைத்துக்கொண்டேன்.

காலையில் அச்சைக் கவிழ்த்தபோது செங்கல்லைப்போல முழுசாக விழுந்தது. அறுத்தால் சீராகத் துண்டு வந்தது. சாம்பலும் சிவப்பும் கலந்த நிறம், நடுநடுவே கறி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தோசைக்கல்லில், எடுத்து வைத்த அதே கொழுப்பைத் தடவி, இரண்டு பக்கமும் முறுகலாகும்வரை அவளே பொரித்துக் கொடுத்தாள். "திருப்பித் திருப்பிப் போடாதீங்க, ஒரு தடவதான்" என்று எனக்குப் புத்தி சொன்னாள். தட்டால் மூடிக்கொண்டு ஓடினேன்.

பெரியவர் மூடியைத் திறப்பதற்கு முன்பே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு துண்டு. அடுத்த துண்டு. வெல்லப்பாகு இருக்கிறதா என்று மகளிடம் கேட்டார். அவர்கள் ஊரில் கருப்பான பாகு ஊற்றிச் சாப்பிடுவார்களாம். காய்ச்சிக் கொண்டுவந்தேன். மூன்றாவது துண்டையும் சாப்பிட்டார். தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை.

மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "நீர் இதை எப்படி அறிந்துகொண்டீர்? என் தாயாரின் கைப்பக்குவம் என்கிறார். ஒரு இலையின் வாசனை மாத்திரம் குறைவாம்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கர்த்தருடைய கிருபை அம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டேன். கர்த்தருடைய கிருபைதான், சந்தேகமில்லை. அது என் வீட்டு வாசலில் துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதை விட்டுவிட்டேன்.

வீட்டில் என் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். "சாப்ட்டாரா?"

"மூணு துண்டு."

அவள் முகம் மலர்ந்தது. "உப்பு சரியா இருந்திச்சாமா?" என்று கேட்டாள். யார் செய்தது என்று அம்மா கேட்டார்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இலையின் வாசனை குறைவு என்றதை மட்டும் சொன்னேன். மறுநாள் அவள் ஒரு தட்டில் ஐந்து வகை இலையைப் பறித்து வைத்து, "மோந்து பாக்கச் சொல்லுங்க" என்று அனுப்பினாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் கசக்கி முகர்ந்தார். துளசியைக் கீழே வைத்தார், புதினாவைக் கீழே வைத்தார். கற்பூரவல்லி வந்ததும் நிறுத்தினார். மகளிடம் என்னவோ சொன்னார். "அதுவே அல்ல, ஆனாலும் அதின் சகோதரி என்கிறார்" என்றார் மிஸ்ஸியம்மா. அடுத்த வாரத்துக் களியில் கற்பூரவல்லி சேர்ந்தது. "நீர் புத்தியுள்ள மனுஷன்" என்று மிஸ்ஸியம்மா என்னைப் புகழ்ந்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இப்படி மூன்று வாரம் போனது. பெரியவர் மற்றச் சாப்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தார். சாயங்காலத்தில் தோட்டத்தில் நடந்தார். மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மகளோடு என் சமையலறைக்கே வந்து நின்றார்.

"நீர் அதைச் செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டுமாம்" என்றார் மிஸ்ஸியம்மா.

என் அடுப்பில் அப்போது உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பின்பக்கம் என் வீட்டு வாசலிலிருந்து கறிச்சாறு கொதிக்கும் வாசனை காற்றில் வந்துகொண்டிருந்தது. பெரியவர் மூக்கைத் தூக்கி அந்தப் பக்கம் திரும்பினார்.

இனி ஒளிக்க வழியில்லை. "அம்மா, அத நான் செய்யல. என் பெஞ்சாதி செய்யிறா. மொதல்லேர்ந்து அவதான். கேழ்வரகு, சோளம், எல, எல்லாம் அவ யோசன. எனக்கு ரெண்டு தடவ கெட்டுப் போச்சு, நீங்களே பாத்தீங்க."

"ஏன் இதை மறைத்தீர்?"

"பெருமைம்மா. வேற ஒண்ணும் இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திரும்பி அப்பாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் முழுசாகக் கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மிஸ்ஸியம்மாவின் முகமும் மெல்ல மாறியது.

"என் தகப்பனாரும் ஒருமுறை, கோயிலுக்கு வந்த அயலாரிடம் இதைத் தாமே செய்ததாகச் சொன்னாராம். என் தாயார் மூன்று நாள் அவரோடே பேசவில்லையாம்." பிறகு, "உம்முடைய மனைவி பேசினாளா?" என்று கேட்டார்.

"அவளுக்கு நான் இன்னும் சொல்லலம்மா."

"அப்படியானால் இப்பொழுது போய்ச் சொல்லும். நாங்களும் வருகிறோம்."

மூன்று பேரும் போனோம். என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கறியை அரிந்துகொண்டிருந்தாள். அவள் பதறவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "வாங்க" என்றாள். ஒரு மரப் பெட்டியைத் துடைத்துப் பெரியவருக்குப் போட்டாள். நான் நின்றபடியே அவளிடம் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். இத்தனை நாளும் இது நான் செய்ததென்று சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டேன், தப்பு என்றேன்.

"தெரியும்" என்றாள் அவள். "இல எடுத்துக்கினு போன அன்னிக்கே தெரியும். நல்லா இருக்குன்னா, யார் பண்ணாங்கன்னு கேக்காத மனுசங்களா இவங்க? கேட்டிருப்பாங்க, நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க."

"பின்ன ஏன் தொடர்ந்து பண்ண?"

"அவரு சாப்புட்றாரு இல்ல?" என்று பெரியவர் பக்கம் கையைக் காட்டினாள். அதற்குமேல் அவளுக்கு அதைப் பற்றிப் பேச நேரமில்லை. சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் மாவைத் தூவிக் கிண்டத் தொடங்கியதும் பெரியவர் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. அங்கே கிடந்த கந்தல் துணி இரண்டை எடுத்துப் பானையின் வாயை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு குந்தினார். அவள் நாலு சுற்று கிண்டியதும் பானையைக் கால் வட்டம் திருப்பினார். மறுபடி நாலு சுற்று, மறுபடி திருப்பினார். ஒருமுறைகூட அவள் துடுப்பில் இடிக்கவில்லை. அடுப்பு அனலில் அவர் முகம் சிவந்துபோயிற்று. மிஸ்ஸியம்மா, "போதும்" என்று ஏதோ சொல்லித் தடுத்தார். அவர் கேட்கவில்லை.

"இருக்கட்டும்மா" என்றாள் என் மனைவி. "அவருக்குத் தெரியுது. அந்த அம்மாவுக்கும் இவருதான் புடிச்சிருப்பாரு, இல்ல?"

மிஸ்ஸியம்மா அதை அப்பாவுக்குச் சொன்னார். பெரியவர் தலையை ஆட்டினார். பானையை விடவில்லை. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. அதைத் துடைக்கவும் அவர் கையை எடுக்கவில்லை. என் மனைவி அதைப் பார்க்காதவள்போலக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பிடி மாவைக் காட்டி, "கம்மியா இருக்குதா?" என்று கேட்டாள். அவர் பானைக்குள் எட்டிப் பார்த்து, "கம்மி" என்றார். இன்னொரு பிடி போட்டாள். மூன்றாவதற்குக் கையை எடுத்தபோது, "இது ஜாஸ்தி" என்று அவளே சொல்லி நிறுத்தினாள். "ஜாஸ்தி" என்று அவரும் சொன்னார். ஊருக்குத் திரும்பும்வரை அவருக்குத் தெரிந்த தமிழ் இந்த இரண்டு வார்த்தைதான். இரண்டும் தமிழல்ல என்று அம்மாவின் பழைய முன்ஷி குறைப்பட்டுக்கொண்டார். பெரியவர் அதை வைத்தே எங்கள் எல்லோரோடும் பேசினார். வெயில் ஜாஸ்தி, பால் கம்மி, சிரிப்பு ஜாஸ்தி.

கிறிஸ்துமஸுக்கு என் மனைவி வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிண்டினாள். அவளுடைய அண்ணன் இரண்டு தலையோடு வந்தான். நானே ஆற்றங்கரைவரை போய் அவனிடமிருந்து ஒரு கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் பாதிதூரம் வந்தபிறகு, "பாரமா இருக்குதா மாப்ள?" என்று மட்டும் கேட்டான். தோட்டக்காரர் வீட்டிலும் காவல்காரர் வீட்டிலும் காலையில் முறுகலாகப் பொரித்துப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தோட்டக்காரர் பெண்சாதி அச்சு கேட்டு வந்து நின்றாள். பெரியவரும் மிஸ்ஸியம்மாவும் எங்கள் வாசலில் பாய்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் மைத்துனன் எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் சுத்தம் செய்த தலையைப் பெரியவர் முந்தின நாள் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவன் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார். ஊரில் ஐம்பது வருஷம் பன்றி அடித்தவர் அவர். பாராட்டத் தெரிந்தவர் பாராட்டினால் அது வேறு.

மாசியில் பெரியவர் கிளம்பினார். என் மனைவி சோள நொய்யும் கேழ்வரகு மாவும் தனித்தனியாகத் துணியில் கட்டி, வேப்பிலை போட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்துக் கொடுத்தாள். ரயிலடியில் அவர் தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலை வணங்கினார். பங்களாவில் எத்தனையோ துரைமார் வந்துபோயிருக்கிறார்கள். எங்களில் ஒரு பெண்ணுக்கு ஒருவரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவள் கூச்சப்படாமல் கையைக் கூப்பினாள்.

அந்த வருஷம் பள்ளி திறந்தபோது போர்டிங் சமையலை ஏற்றுக்கொள்ளும்படி மிஸ்ஸியம்மா அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்து அனுமதி கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "தானியம் நான்தான் பாத்து வாங்குவேன். புழுத்தது வந்தா திருப்பி அனுப்புவேன்" என்றாள். அப்படியே நடந்தது. பிள்ளைகள் அவள் சமையலில் சதை பிடித்தார்கள்.

அடுத்த தைக் கடைசியில் பெரியவரிடமிருந்து கடிதம் வந்தது. மிஸ்ஸியம்மா போர்டிங் சமையல்கட்டுக்கே வந்து படித்துச் சொன்னார். கேழ்வரகில் கப்பலிலேயே வண்டு விழுந்துவிட்டதாம். சலித்து எடுத்து, பனி விழுந்த பிறகு பன்றி அடித்துச் செய்தாராம். மூத்த மருமகள் கிண்டினாளாம், அவர் பானை பிடித்தாராம். அக்கம்பக்கத்தார் இது என்ன தானியம் என்று கேட்டதற்கு, இந்தியாவில் ஒரு அம்மாள் கொடுத்தது என்று சொன்னாராம்.

"அவருதான் பண்ணதா சொல்லலியா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இந்த முறை சொல்லவில்லை" என்றார் மிஸ்ஸியம்மா.

மூன்று பேரும் சிரித்தோம். அடுப்பில் பிள்ளைகளுக்கான உலை கொதித்துவிட்டது. அவள் திரும்பி மாவைத் தூவினாள்.